வேகம் குறைந்தால் கனம் கூடும்: ராம்ஸ்டைனும் இண்டஸ்ட்ரியல் மெட்டலும்

இண்டஸ்ட்ரியல் மெட்டல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், முதலில் 'டூ ஹாஸ்ட்' என்ற பாட்டைப் போட்டுக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை. பெர்லினைச் சேர்ந்த ராம்ஸ்டைன் குழு 1997இல் வெளியிட்ட 'ஸேன்ஸுக்ட்' ஆல்பத்தில் ஐந்தாவது பாட்டு அது. கேட்கும்போது கிதார் எப்போது வருகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். தொடக்கத்தில் கிதாரே இல்லை. ஒரு மின்னணுத் துடிப்புதான் சுற்றிச் சுற்றி வருகிறது. அப்புறம் கிதார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் ஒன்றாக இறங்குகின்றன. இறங்கிய பிறகு அவை அந்தத் துடிப்பின் நேரக்கணக்குக்குக் கட்டுப்பட்டே ஓடுகின்றன.

கனத்த கிதார் ஒலியை நம்பி நிற்கும் ராக் வகையான மெட்டலில் இது வழக்கத்துக்கு மாறான விஷயம். அங்கே கிதார்தான் ராஜா. 1970இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் வந்ததிலிருந்தே அப்படித்தான். அந்தக் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி, உலோகத் தகடு தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் பறிகொடுத்தவர். அவர் இடது கைக்காரர் என்பதால் கம்பிகளை அழுத்துவது அந்த வலது கைதான். அதனால் மெல்லிய கம்பிகளைப் போட்டார். பின்னாளில் அவற்றைத் தளர்த்தியும் வைத்துக்கொண்டார். கம்பி தளர்ந்தால் சுருதி இறங்கும், ஒலி இருண்டு தடிக்கும். மெட்டலின் அடையாளமாகிப்போன அந்தக் கனமான கிதார் ஒலிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை விபத்தும் இருக்கிறது.

எண்பதுகளில் மெட்டல் குழுக்கள் வேகத்தில் போட்டி போட ஆரம்பித்தன. யார் வேகமாக வாசிப்பார்கள், யாருடைய கிதார் சோலோ சிக்கலானது என்பதே பேச்சாக இருந்தது. மனிதக் கையால் எவ்வளவு முடியும் என்று காட்டும் இசை அது.

இண்டஸ்ட்ரியல் இசை இதற்கு நேர் எதிர்த் திசையில் பிறந்தது. எழுபதுகளின் நடுவில் லண்டனில் இயங்கிய த்ராபிங் கிரிசில் குழு, 1976இல் இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாக இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியது. வகையின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். அவர்களுக்கு இனிய மெட்டு, அழகான வாசிப்பு எதிலும் அக்கறை இல்லை. நாடாவில் பதிந்த பேச்சு, இரைச்சல், சிந்தசைசர் உறுமல் இவையே போதும் என்றார்கள். மேற்கு பெர்லினில் 1980இல் தொடங்கிய ஐன்ஷ்ட்யூர்சென்டே நொய்பாவ்டன் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. இரும்புத் தகடு, சுத்தியல், துளைபோடும் இயந்திரம் எல்லாம் அவர்களுக்கு வாத்தியங்கள். 1984இல் லண்டனில் ஒரு நிகழ்ச்சியில் மேடையையே துளைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த இரண்டு ஓடைகளும் எண்பதுகளின் கடைசியில் கலந்தன. அதற்குக் கொள்கையை விடக் கருவிதான் காரணம் என்று நினைக்கிறேன். எந்த ஒலியையும் பதிந்துகொண்டு கீபோர்டில் வாசிக்க வைக்கும் சாம்ப்ளர்கள் அந்தப் பத்தாண்டில் மெல்ல மெல்ல மலிந்தன. வெவ்வேறு கம்பெனிக் கருவிகளை ஒரே நேரக்கணக்கில் ஓடவைக்கும் மிடி என்ற ஏற்பாடு 1983இல் வந்தது. இப்போது இரும்பை மேடைக்குத் தூக்கிப்போக வேண்டியதில்லை. அதன் ஒலியை ஒரு பெட்டியில் அடைத்துக்கொண்டு போகலாம். கிதார் ஒலியையும் அப்படியே வெட்டி, திரும்பத் திரும்ப ஓட்டலாம். சிகாகோவின் மினிஸ்ட்ரி 1988இலேயே இந்தப் பாதையில் இறங்கிவிட்டது. பர்மிங்ஹாமின் காட்ஃப்ளெஷ் 1989இல் டிரம்மரே இல்லாமல், டிரம் மெஷினை வைத்துக்கொண்டு 'ஸ்ட்ரீட்க்ளீனர்' என்ற இரக்கமற்ற ஆல்பத்தைக் கொடுத்தது. ட்ரெண்ட் ரெஸ்னரின் நைன் இஞ்ச் நெயில்ஸ் இதே இசையைத் தொண்ணூறுகளில் பெரிய கூட்டத்திடம் கொண்டுபோனது.

சரி, இந்த இசை எப்படி வேலை செய்கிறது?

ரிஃப் என்ற சொல் மெட்டல் கேட்பவர்களுக்குப் பழக்கமானது. கிதாரில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு துண்டுதான் ரிஃப். இண்டஸ்ட்ரியல் மெட்டலில் அந்தத் துண்டு முடிந்தவரை எளிமையாக்கப்படுகிறது. சில நேரம் இரண்டே ஸ்வரம். சில நேரம் ஒரே ஸ்வரத்தைப் பல முறை வெட்டி வெட்டி அடிப்பதுதான் மொத்த ரிஃப்பும். வாசிப்பவர் கம்பிகளின் மேல் உள்ளங்கையின் ஓரத்தை வைத்து அமுக்கிக்கொண்டே மீட்டுவார். கம்பி நீண்டு ஒலிக்காமல் 'ஜக், ஜக்' என்று அறுபட்டு விழும். கிதார் கிட்டத்தட்ட ஒரு தாள வாத்தியமாகிவிடுகிறது.

இரண்டு கிதார்கள் இருந்தால் இரண்டும் பெரும்பாலும் ஒரே ரிஃப்பை வாசிக்கும். ஒன்று இடது காதில், ஒன்று வலது காதில். பேஸும் அதையே கீழ் ஸ்தாயியில் பிடித்துக்கொள்ளும். டிரம்மர் காதில் ஓடும் கிளிக் ஒலியைப் பிசகாமல் பின்பற்றுவார். அலங்காரம் கிடையாது. டெக்னோ என்ற மின்னணு நடன இசையில் வருவது போலப் பெரிய டிரம் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் விழும். 'டூ ஹாஸ்ட்' நிமிடத்துக்கு ஏறக்குறைய 125 எண்ணிக்கையில் ஓடுகிறது. நடன அரங்குகளில் புழங்கும் வேகம் அது. மெட்டலின் அதிவேக வகையான த்ராஷோடு ஒப்பிட்டால் மிகவும் நிதானம்.

இவ்வளவு நிதானமான, இவ்வளவு எளிமையான ஒன்று ஏன் அவ்வளவு கனமாகக் கேட்கிறது? கிதார் அதிவேகமாக வாசிக்கப்படும்போது ஒலிகள் ஒன்றோடொன்று உரசிக் கலங்கிப்போகும். இடைவெளி விட்டு அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் தனி எடை கிடைக்கிறது. எல்லோரும் ஒரே நொடியில் அடித்து ஒரே நொடியில் நிறுத்தினால், அந்த நிறுத்தமும் ஒரு அடி மாதிரியே விழுகிறது. மாவு மில்லில் பெல்ட் சீராக ஓடும் சத்தத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றவர்களுக்கு இது புரியும். அங்கே உடம்பைப் பிடித்துக்கொள்வது வேகம் அல்ல, மாறாமை. ஆக, இந்த வகையைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இதுதான்: மெட்டலிலிருந்து வேகத்தையும் வித்தைகளையும் கழித்தார்கள், இயந்திரத்தின் ஒழுங்கைச் சேர்த்தார்கள், கனம் கூடிவிட்டது.

இந்தக் கணக்கை ராம்ஸ்டைன் கண்டுபிடிக்கவில்லை. ஸ்லோவேனியாவின் லைபாக் குழு ஆழ்ந்த குரலையும் அணிவகுப்புத் தாளத்தையும் எண்பதுகளிலேயே பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஜெர்மனியிலேயே டி க்ருப்ஸ், ஊம்ஃப் போன்ற குழுக்கள் முன்னால் நடந்திருந்தன. ராம்ஸ்டைன் செய்தது, இந்த முரட்டு இசையை ஒரு முறை கேட்டாலே மனதில் தங்கும்படி செய்தது. தாங்கள் வாசிப்பதை அவர்கள் 'டான்ஸ்மெட்டல்' என்று அழைத்துக்கொண்டார்கள். பத்திரிகைகள் வைத்த பெயர் 'நொய டாய்ச்ச ஹெர்ட்ட', அதாவது புதிய ஜெர்மானியக் கடுமை. இரண்டில் முதல் பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இவர்களிடம் கடுமை கண்ணுக்குத் தெரிகிற பக்கம். நடனம்தான் உள்ளே ஓடும் எஞ்சின்.

ராம்ஸ்டைன் குழுவின் ஆறு பேரும் பழைய கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர்கள். அங்கே மேடையேறிப் பணம் வாங்க வேண்டுமானால் ஒரு குழு, அரசு நியமித்த தேர்வாளர்கள் முன் வாசித்துக் காட்டி, தரச்சான்று வாங்க வேண்டும். கிதார் வாசிக்கும் பால் லாண்டர்ஸும் கீபோர்டு வாசிக்கும் ஃப்ளேக் லோரென்ஸும் கிழக்கு பெர்லினின் ஃபீலிங் பி என்ற பங்க் குழுவில் இருந்தவர்கள். பின்னால் டிரம்மர் கிறிஸ்டோஃப் ஷ்னைடரும் அதில் வாசித்தார். பாடகர் டில் லிண்டெமன் இளம் வயதில் போட்டி நீச்சல்காரர்; அப்புறம் கூடை முடைந்தார்; ஷ்வெரினில் ஒரு சின்னக் குழுவில் டிரம்ஸ் வாசித்தார். அவருடைய அப்பா வெர்னர் லிண்டெமன் குழந்தைகளுக்கு எழுதிய கவிஞர். மகனின் வரிகள் எவ்வளவு பயங்கரமான விஷயத்தைச் சொன்னாலும், குழந்தைப் பாட்டு போலக் குட்டையாக, இயைபு பிசகாமல் இருப்பதைக் கேட்கும்போது எனக்கு அந்த அப்பாவின் ஞாபகம்தான் வரும்.

இன்னொரு கிதார் கலைஞர் ரிச்சர்ட் க்ருஸ்பே, 1989இல் பெர்லின் சுவர் விழுவதற்கு முன்பே ஹங்கேரி வழியாக மேற்கே தப்பியவர். சுவர் விழுந்த பிறகு கிழக்குக்குத் திரும்பினார். அமெரிக்கப் பாணியில் வாசித்துப் பார்த்துவிட்டு அது தனக்கு ஒட்டவில்லை என்று உணர்ந்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1994இல் க்ருஸ்பே, லிண்டெமன், ஷ்னைடர், பேஸ் வாசிக்கும் ஒலிவர் ரீடல் ஆகிய நால்வர், பெர்லினில் புதுக் குழுக்களுக்கான ஒரு போட்டியில் ஜெயித்தார்கள். லாண்டர்ஸும் லோரென்ஸும் சேர்ந்ததும் குழு முழுமையானது. அன்றிலிருந்து இந்த ஆறு பேரில் ஒருவர்கூட மாறவில்லை. ராக் உலகில் அது அபூர்வம்.

பெயரிலும் ஒரு நெருப்பு இருக்கிறது. 1988 ஆகஸ்ட் 28 அன்று மேற்கு ஜெர்மனியின் ராம்ஷ்டைன் அமெரிக்க விமானத் தளத்தில் நடந்த சாகசக் காட்சியில் இத்தாலிய விமானங்கள் மோதி, ஒன்று கூட்டத்தில் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். குழுவின் பெயர் அந்த ஊரிலிருந்து வந்ததுதான், எழுத்தில் ஒரு 'ம்' கூடுதல்.

முதல் ஆல்பம் 'ஹெர்ட்ஸலைட்' 1995 செப்டம்பரில் வந்தது. தயாரிப்பாளர் ஸ்வீடனின் யாகோப் ஹெல்னர். ஜெர்மனியில் மெதுவாக விற்றுக்கொண்டிருந்த அந்த ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டுகளை, டேவிட் லிஞ்ச் 1997இல் வெளியான தன் 'லாஸ்ட் ஹைவே' படத்தில் சேர்த்தார். அந்தப் படத்தின் இசைத்தட்டைத் தொகுத்தவர் நைன் இஞ்ச் நெயில்ஸ் ரெஸ்னர். ஜெர்மன் தெரியாத ரசிகர்களின் காதில் ராம்ஸ்டைன் முதலில் விழுந்தது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்ய அவர்கள் மால்டா தீவுக்குப் போனார்கள். அங்கே டெம்பிள் ஸ்டுடியோவில், மறுபடியும் ஹெல்னரோடு உருவானதுதான் 'ஸேன்ஸுக்ட்'. தீராத ஏக்கம் என்பது பொருள். மொத்தம் 11 பாட்டுகள். 1997 ஆகஸ்டில் வெளியானது. முதல் ஆல்பத்தோடு ஒப்பிட்டுக் கேட்டால் ஒன்று பளிச்சென்று தெரியும்: ஃப்ளேக்கின் கீபோர்டு முன்னால் வந்துவிட்டது. கிதார்கள் சுவர் கட்டுகின்றன. அந்தச் சுவரில் மறக்க முடியாத சின்னச் சின்ன மெட்டுகளைத் தொங்கவிடுவது கீபோர்டுதான். மெட்டல் ரசிகர்கள் கீபோர்டைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்ப்பது வழக்கம். இந்த ஆல்பத்தில் அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது உறுமல் மட்டுமே.

'எங்கெல்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்துக்கு முன்பே, 1997 ஏப்ரலில் தனிப் பாட்டாக வந்து ஜெர்மனியில் பெரிய வெற்றி பெற்றது. ஒரு சீழ்க்கை மெட்டோடு தொடங்குகிறது. பல்லவியில் லிண்டெமனின் ஆழ்ந்த குரலோடு போபோ என்ற பாடகியின் மெல்லிய குரலும் வருகிறது. நல்லவர்கள் செத்தபின் தேவதைகளாகி, மேகங்களுக்குப் பின்னால் பயத்தோடும் தனிமையோடும் நட்சத்திரங்களைப் பற்றிக்கொண்டு இருக்கிறார்கள். எனக்கு அப்படியொரு தேவதையாக ஆசையில்லை என்பதுதான் பாட்டு. அதில் கிதார் எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது என்று கவனித்தால், மேலே சொன்ன இடைவெளிக் கணக்கு முழுவதும் புரிந்துவிடும்.

'டூ ஹாஸ்ட்' பாட்டில் இதே கணக்கு வரிகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. வாக்கியத்தையே ரிஃப் மாதிரி வெட்டி வெட்டிப் பாடுகிறார் லிண்டெமன். 'டூ ஹாஸ்ட் மிஷ்' என்று வரும் இடத்தில், 'நீ என்னை வெறுக்கிறாய்' என்றுதான் காதில் விழும். அடுத்த சொல் வந்த பிறகுதான் அது 'நீ என்னைக் கேட்டாய்' என்று முடிகிறது. கேட்டது என்ன? சாகும்வரை இவளுக்கு உண்மையாக இருப்பாயா என்ற கல்யாணக் கேள்வி. பதில், கூட்டமே சேர்ந்து கத்தும் 'நைன்', இல்லை. உலகமெங்கும் கச்சேரிகளில் ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாதவர்கள்கூட அந்த இடத்தில் பிசகாமல் கத்துகிறார்கள். கிராமி விருதில் மெட்டல் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பாட்டு இது; 'மேட்ரிக்ஸ்' படத்தின் இசைத்தட்டிலும் இடம்பெற்றது.

மற்ற பாட்டுகள் எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். 'ப்யூக் டிஷ்' அதிர்ச்சி கொடுப்பதையே நம்பி நிற்கிறது. இன்று கேட்டால் கொஞ்சம் அலுப்புத்தான். 'க்ளாவியர்' பியானோவின் பெயரைத் தலைப்பாகக் கொண்ட, மெல்ல ஊர்ந்து வரும் பேய்க்கதை. 'ஆல்டர் மான்' என்ற முதியவர் பாட்டு அதிகம் பேசப்படுவதில்லை. என் காதுக்கு இந்த ஆல்பத்தின் மிக நல்ல பாட்டு அதுதான். ஒரு எச்சரிக்கையும் உண்டு: 'டீர்', 'ஷ்பீல் மிட் மியர்' போன்ற பாட்டுகள் குடும்பத்துக்குள் நடக்கும் பாலியல் வன்முறையைத் தொடுகின்றன. குற்றவாளியின் மண்டைக்குள் உட்கார்ந்து பாடுவது லிண்டெமனின் பழக்கம். மொழிபெயர்ப்பைத் தேடிப் படிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

ஆல்பத்தின் அட்டையும் சும்மா இல்லை. ஆஸ்திரிய ஓவியர் காட்ஃப்ரீட் ஹெல்ன்வைன் ஆறு பேரின் முகங்களிலும் முள்கரண்டி போன்ற உலோகச் சாமான்களை மாட்டிப் படம் எடுத்தார். ஆறு முகங்களுக்கு ஆறு அட்டைகள். 1982இல் ஸ்கார்ப்பியன்ஸ் குழுவின் 'பிளாக்அவுட்' அட்டையில் கண்களை முள்கரண்டியால் மூடியபடி கத்தும் மனிதரும் ஹெல்ன்வைன்தான்.

ஜெர்மனியில் ஆல்பம் முதலிடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் 1998இல் வெளியானது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கார்ன் குழு நடத்திய ஃபேமிலி வேல்யூஸ் சுற்றுப்பயணத்தில் ராம்ஸ்டைனும் சேர்ந்துகொண்டது. மேடையில் லிண்டெமனின் கோட்டு தீப்பிடித்து எரிந்துகொண்டிருக்க, அவர் அசையாமல் நின்று பாடுவார். அதற்கு முன்பே, 1996இல் பெர்லின் கச்சேரி ஒன்றில் மேடை அலங்காரம் எரிந்து விழுந்த சம்பவத்துக்குப் பிறகு, அவர் முறைப்படி வாணவேடிக்கை உரிமம் வாங்கியிருந்தார். அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்று இந்த ஆல்பத்துக்குக் கிடைத்தது. ஜெர்மன் மொழி ஆல்பம் அங்கே அந்த உயரத்தைத் தொடுவது யாரும் எதிர்பார்க்காத ஒன்று. 'எங்கெல்', 'டூ ஹாஸ்ட்' இரண்டுக்கும் ஆங்கில வடிவமும் பதிவு செய்தார்கள். அவற்றை இன்று யாரும் தேடிக் கேட்பதில்லை. அந்தக் குரலின் பலம் ஜெர்மன் மெய்யெழுத்துகளின் அடியில் இருக்கிறது. மொழியை மாற்றியதும் ஒரு தாள வாத்தியம் காணாமல் போய்விட்டது.

அதே குரல்தான் வம்பையும் இழுத்துவந்தது. 'ர'வை உருட்டிப் பாடுவதும், அணிவகுப்புத் தாளமும், மொட்டை வெளிச்சமும் சேர்ந்து பலருக்கு நாஜி மேடைகளை நினைவூட்டின. 1998இல் டெபெஷ் மோட் குழுவின் 'ஸ்ட்ரிப்ட்' பாட்டைத் தங்கள் பாணியில் வெளியிட்டபோது, அதன் வீடியோவில் நாஜி ஆட்சிக்காகப் படமெடுத்த இயக்குநர் லெனி ரீஃபென்ஷ்டால் எடுத்த 1936 ஒலிம்பிக் படக் காட்சிகளைப் பயன்படுத்தினார்கள். விமர்சனம் சரமாரியாக வந்தது. என்னைக் கேட்டால் அது நெருப்போடு செய்த பொறுப்பற்ற விளையாட்டுத்தான். 2001இல் 'லிங்க்ஸ் 2 3 4' என்ற பாட்டில், எங்கள் இதயம் இடது பக்கம் துடிக்கிறது, அதாவது நாங்கள் இடதுசாரிகள் பக்கம் என்று பதில் சொன்னார்கள். அமெரிக்காவிலோ தொல்லை வேறு விதம்: 1999 ஜூனில் வோர்செஸ்டர் நகரில் 'ப்யூக் டிஷ்' மேடைக் காட்சி ஆபாசம் என்று சொல்லி, லிண்டெமனையும் ஃப்ளேக்கையும் போலீஸ் கைது செய்தது. ஓர் இரவு காவலில் இருந்துவிட்டு வந்தார்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். இடது வலது கிதார்கள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தி விழுவது அப்போதுதான் தெரியும். முதலில் 'எங்கெல்', அடுத்து 'டூ ஹாஸ்ட்', அப்புறம் தலைப்புப் பாட்டு. பிடித்திருந்தால் 2001இல் வந்த 'முட்டர்' ஆல்பத்துக்குப் போகலாம். அதில் வயலின் கூட்டமும் சேர்ந்து ஒலி இன்னும் விரிந்திருக்கும். ராம்ஸ்டைன் ரொம்ப வழவழப்பாக இருக்கிறது, இன்னும் கரடுமுரடாக வேண்டும் என்று தோன்றினால் மினிஸ்ட்ரியின் 1992ஆம் ஆண்டு ஆல்பம் 'ஸாம் 69'. அதுவும் போதாதவர்களுக்கு காட்ஃப்ளெஷ். அதை மட்டும் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது ஸ்பீக்கரில் போட வேண்டாம்.